சிவிக்கில் ஷார்ட் ஷிஃப்டரும் கனமான கியர் நாபும்: நீண்ட நாள் ஓட்டிய அனுபவம்

என்னிடம் இருப்பது எட்டாம் தலைமுறை ஹோண்டா சிவிக். 2006ல் இந்தியாவுக்கு வந்த மாடல், 1.8 லிட்டர் பெட்ரோல், ஐந்து கியர் மேனுவல். எஞ்சினைப் பற்றி எனக்கு இன்று வரை ஒரு குறையும் இல்லை. கியர் பாக்ஸும் நல்லதுதான். ஆனால் கியர் ராடின் அசைவு நீளம். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குத் தள்ளும்போது கை வெகுதூரம் முன்னால் போகும், கியர் விழுந்ததா இல்லையா என்பது உள்ளங்கைக்குத் தெளிவாகத் தெரியாது. சுற்றுகளை ஏற்றி ஓட்டினால்தான் ருசி தரும் எஞ்சினுக்கு இப்படி ஒரு கியர் ராடு வாய்த்தது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் முதலில் கியர் ராடின் தலையில் இருக்கும் கைப்பிடி உருண்டைக்கு, அதாவது நாபுக்கு, பதிலாகக் கனமான ஒன்று, பிறகு ராடின் அசைவு தூரத்தைக் குறைக்கும் ஷார்ட் ஷிஃப்டர் என்று இரண்டையும் போட்டேன். போட்டுச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. கோயம்புத்தூர் நகர நெரிசல், மேட்டுப்பாளையம் தாண்டி நீலகிரி, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகள் என எல்லாவற்றிலும் ஓட்டியாகிவிட்டது.

வாங்க நினைப்பவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, ஷார்ட் ஷிஃப்டர் கியர் பாக்ஸுக்குள் எதையும் மாற்றுவதில்லை என்பதைத்தான். கியர் ராடு நடுவில் ஒரு பந்து மூட்டில் உட்கார்ந்திருக்கிறது. மேல் முனையை நாம் அசைக்கிறோம், கீழ் முனை கியர் பாக்ஸுக்குப் போகும் கேபிளை இழுக்கிறது. ஷார்ட் ஷிஃப்டர் அந்தக் கீழ்ப்பகுதியை நீட்டுகிறது. நீட்டினால் கை கொஞ்சம் நகர்ந்தாலே கேபிள் போதுமான அளவு நகர்ந்துவிடும். உதாரணத்துக்கு, கீழே 40 மில்லிமீட்டர் இருந்ததை 50 ஆக்கினால் கை நகரும் தூரம் 20 சதவீதம் குறையும். ஆனால் அதே வேலைக்கு 25 சதவீதம் அதிக விசை கொடுக்க வேண்டும். தூரத்தில் மிச்சம் பிடிப்பதை விசையில் கட்டித்தான் ஆக வேண்டும். இதிலிருந்து தப்பிக்கிற கிட் எந்த விலையிலும் கிடையாது.

அந்த விசை எங்கே போகிறது என்றால் சிங்க்ரோ ரிங்குக்கு. கியர் மாற்றும்போது பித்தளை ரிங் ஒன்று கியரின் கூம்பில் உரசி, இரண்டின் வேகத்தையும் சமமாக்குகிறது. சமமான பிறகுதான் பற்கள் கோக்கும். அந்தக் கணத்தில்தான் கையில் ஒரு தடை தெரியும். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது வேக வித்தியாசம் அதிகம் என்பதால் தடையும் அங்கேதான் அதிகம். ஷார்ட் ஷிஃப்டர் போட்டால் அந்தத் தடை உறைப்பாகத் தெரியும்.

கனமான நாபின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. எடை கூடினால் கியர் ராடின் மேல் முனைக்கு ஓர் உந்தம் கிடைக்கிறது. கனமான சுத்தியலை ஓங்கிவிட்டால் மீதியை அதுவே பார்த்துக்கொள்வது மாதிரி, கை தொடங்கி வைத்த அசைவை நாபின் எடை அந்தத் தடையைத் தாண்டிக் கொண்டுபோகிறது. மொத்த வேலை குறைவதில்லை, ஆனால் இடையில் வரும் முட்டல் மழுங்கிவிடுகிறது. கேபிள் வழியாக வரும் சின்ன அதிர்வுகளையும் அந்த எடை அடக்கிவிடும். அதனால்தான் சொல்கிறேன், ஷார்ட் ஷிஃப்டரை மட்டும் தனியாகப் போடாதீர்கள். நாபை மட்டும் தனியாகப் போடலாம், தாராளமாகப் போடலாம்.

நாபை நான் கடையில் வாங்கவில்லை. கோயம்புத்தூர் கணபதி பகுதியில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். இந்த ஊரில் இருந்துகொண்டு ஓர் உருண்டைக்காக வெளிநாட்டுக்கு ஆர்டர் போட எனக்கு மனசு வரவில்லை. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உருண்டை, ஓட்டை போட்ட பிறகு கிட்டத்தட்ட அரைக் கிலோ வரும். அதே அளவை அலுமினியத்தில் கடைந்தால் 170 கிராம் சொச்சம்தான், அதில் கனம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பித்தளை இன்னும் கொஞ்சம் கூடும், ஆனால் வியர்வைக் கை பட்டுப் பட்டு கறுத்துப்போகும். வண்டியோடு வந்த ஒரிஜினல் நாபைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 200 கிராமைக்கூடத் தொடவில்லை.

மரை விஷயத்தில் கவனம் வேண்டும். ஹோண்டாவுக்கு எம்10 (10 மில்லிமீட்டர் விட்டம்), பிட்ச் (மரைகளுக்கு இடையிலான தூரம்) 1.5 மில்லிமீட்டர். மஸ்டா, நிஸான், மிட்சுபிஷி வண்டிகளில் பெரும்பாலும் எம்10, 1.25. டொயோட்டா, சுபாரு என்றால் எம்12, 1.25. எம்10 இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முதல் ஒன்றிரண்டு சுற்று ஏறுவதுபோல ஏறிப் பிடித்துக்கொள்ளும். அப்போது ஸ்பேனர் வைத்து முறுக்கினால் கியர் ராடின் மரையே போய்விடும். பட்டறைக்குப் போகும்போது பழைய நாபைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது நல்லது. கீழே ஒரு லாக் நட்டும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் நாப் நாளடைவில் தளர்ந்து கையோடு சுற்ற ஆரம்பிக்கும்.

நாப் மட்டும் போட்டு ஓட்டிய மாதங்களில் கிடைத்த மாற்றமே பெரிது. கியர் தானாகப் போய் உட்காருகிற மாதிரி இருந்தது. வழக்கமாக வண்டி பார்க்கும் மெக்கானிக் அண்ணன் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, "ஏனுங்க, கியர் பாக்ஸ் எறக்கி வேலை பாத்தீங்களா?" என்று கேட்டார். நாப் மட்டும்தான் என்றதும் அதைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தார்.

ஷார்ட் ஷிஃப்டர் கிட் வெளிநாட்டிலிருந்து வந்தது. சென்டர் கன்சோலைக் கழற்றி, இரண்டு கேபிள்களின் முனையையும் விடுவித்து, அடித்தளத்தின் போல்ட்டுகளை எடுத்து மாற்ற வேண்டும். கஷ்டமான வேலை இல்லை, நேரம் பிடிக்கிற வேலை. அதைவிட முக்கியமானது, அப்படிப் பிரித்திருக்கும்போதே கேபிள் முனையில் இருக்கும் சின்ன வளையங்களான புஷ்களைப் பார்த்துவிடுவது. என் வண்டியில் அவை தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தன. கியர் போடும்போது இருந்த கொழகொழப்பில் பாதிக்கு மேல் அதனால் வந்ததுதான் என்று புது புஷ் போட்ட பிறகு தெரிந்தது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் இந்தப் புஷ்களையும் கியர் ஆயிலையும் மாற்றிவிட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். சிலருக்கு அதுவே போதும்.

மாற்றி முடித்ததும் எஞ்சினை அணைத்த நிலையில் ஐந்து கியரும் ரிவர்ஸும் முழுசாக விழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ராடு கன்சோலிலோ அடியில் எதிலோ இடித்து நின்றால் கியர் பாதிதான் கோக்கும். அப்படியே ஓட்டினால் பற்கள்தான் அடி வாங்கும்.

இனி ஓட்டம். வால்பாறை ஏற்றத்தில் இதன் முழு அருமையும் தெரிந்தது. வளைவுக்கு முன் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கை ஸ்டியரிங்கை விட்டு விலகியிருக்கும் நேரம் குறைகிறது. கியர் விழுந்ததை ஒரு 'டக்' உள்ளங்கையில் சொல்லிவிடுகிறது. என் கிட் முன்பின் அசைவைத்தான் குறைக்கிறது, பக்கவாட்டு அசைவு பழையபடியே இருக்கிறது. அதனால் ஆரம்பத்தில் ஐந்திலிருந்து நான்குக்கு இழுக்கும்போது அளவு பிடிபட நாள் ஆனது. வாங்கும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு பக்கமும் குறைக்கிற கிட்களும் இருக்கின்றன.

நகரத்தில் கதை கொஞ்சம் வேறு. உக்கடம், காந்திபுரம் நெரிசலில் ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று என்று போட்டுக்கொண்டே இருக்கும்போது அந்தக் கூடுதல் விசை மணிக்கட்டில் தெரிகிறது. ஊட்டியில் காலை நேரக் குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும். முதல் சில கிலோமீட்டருக்கு அவசரப்படாமல் போட்டால் சரியாகிவிடும். அப்பா ஒருமுறை ஓட்டிவிட்டு, "கண்ணு, இது டிராக்டர் கணக்கா இருக்குது" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டில் பலரும் ஓட்டும் வண்டி என்றால் ஷார்ட் ஷிஃப்டர் வேண்டாம் என்பதே என் கருத்து.

பலரும் கேட்கும் சந்தேகம் ஒன்று: இவ்வளவு கனம் இருந்தால் பலமாக பிரேக் பிடிக்கும்போது நாப் முன்னால் ஓடி, இரண்டிலோ நான்கிலோ இருக்கும் கியர் கழன்றுவிடாதா? கார் டயர்கள் தாங்கும் அளவுக்கு முழு பிரேக் பிடித்தாலும், அரைக் கிலோ நாப் கொடுக்கும் தள்ளல் ஓர் அரைக் கிலோ பொருளைத் தூக்கும் விசையை ஒட்டித்தான் இருக்கும். கியரை வெளியே இழுக்க அதைவிட நன்றாகவே அதிக விசை தேவை. எனக்கு ஒருமுறைகூடக் கழன்றதில்லை. ஏற்கெனவே கியர் நழுவுகிற வண்டி என்றால் அந்தக் கோளாறைச் சரிசெய்யாமல் இதைத் தொடவே கூடாது. இன்னொன்று, கனமான நாப் கைக்கு இதமாக இருப்பதால் கையை அதன்மேலேயே வைத்து ஓட்டத் தோன்றும். அந்த அழுத்தம் கேபிள் வழியாக, கியர் பாக்ஸுக்குள் கியரைத் தள்ளும் ஷிஃப்ட் ஃபோர்க்குக்குப் போய் அதைத் தேய்க்கும். கியர் போட்டதும் கையை எடுத்துவிட வேண்டும்.

வெயில்தான் உண்மையான தொல்லை. சித்திரை மாதம் திறந்தவெளியில் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டீல் உருண்டையைத் தொடவே முடியாது. கொஞ்ச நாள் துண்டு போட்டு மூடிப் பார்த்தேன். கடைசியில் அதே லேத் பட்டறையில் ஸ்டீல் உருளையை நடுவில் வைத்து, வெளியே டெல்ரின் என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் உறை போட்டு இன்னொன்று செய்துகொண்டேன். எடை கொஞ்சம் குறைந்தது, சூடு பிரச்சினை தீர்ந்தது. இப்போது வண்டியில் இருப்பது இதுதான்.

செலவைப் பார்த்தால், லேத்தில் கடைந்த இரண்டு நாபும் சேர்ந்து ஒருமுறை டேங்க் நிரப்பும் காசுக்குள் முடிந்தன. கிட், சுங்கத் தீர்வையோடு சேர்த்து அதைப்போலப் பல மடங்கு. நாபைக் கண்ணை மூடிக்கொண்டு யாருக்கும் சொல்வேன். கிட்டை, தனியாக மலைப்பாதையில் ஓட்டுவதற்காகவே வண்டியை எடுக்கிறவர்களுக்கு மட்டும் சொல்வேன். பழைய கியர் ராடையும் அதன் கிளிப்புகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் ஒரிஜினலைத்தான் கேட்பார்.