ஐந்தை ஆறாக்கும் பெட்டி: மூன்று பூசம் பார்த்த அனுபவம்

சட்டையில் எழுத்தைச் சூட்டால் ஒட்டவும் உரிக்கவும் நான் 129 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) வாங்கிய குட்டி ஹீட் பிரஸ் இப்போது 79 வெள்ளியாம். பட்டர்வொர்த்திலிருந்து நண்பன் படம் அனுப்பி, "மச்சா, பழைய சட்டையில ஒட்டின எழுத்த எடுக்க இது போதுமா?" என்று கேட்டான். அந்த 79-ஐப் பார்த்து வந்த எரிச்சல் அடங்கட்டும் என்று ஒரு நாள் விட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்கள் தண்ணீர்ப் பந்தல் பினாங்கு தண்ணீர்மலைப் பக்கம். மஞ்சள் பருத்திச் சட்டை 30, முதுகில் அரக்கு எழுத்தில் 'தைப்பூசம் 2023'. வருடா வருடம் புதிதாக அடிக்கக் காசில்லை. கடைசி எண்ணை மட்டும் உரித்து மாற்றலாம் என்று வாயைக் கொடுத்தது நான்தான்.

இந்த எழுத்துகள் சூட்டில் இளகும் பசை பூசிய பிளாஸ்டிக் தாள். ஏறக்குறைய 150 டிகிரியில் ஒட்டியதை அதே சூடுதான் விடவும் வைக்கும். வீட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தால் பக்கத்து '202'-உம் சேர்ந்து இளகிவிடும். குட்டி ஹீட் பிரஸின் தட்டு உள்ளங்கையைவிடச் சிறியது. மேலே கேக் சுட விரிக்கும் பேக்கிங் பேப்பர் போட்டு, நுனியால் பத்து விநாடி அழுத்தி, சூடு ஆறுவதற்குள் புருவம் எடுக்கும் இடுக்கியால் ஓரத்தைத் தூக்கினால், '3' முழுசாக, ஒரு கிழிசல் இல்லாமல் கையோடு வரும். அந்த ஒரு நொடிக்காகவே இதை வைத்திருக்கிறேன்.

ஆனால் அந்த 'பீப்'! சூடேறினால் ஒரு 'பீப்'. பத்து நிமிடத்தில் தானாக அணைந்துபோனாலும் அதே 'பீப்'. ரெடி என்று நினைத்து ஆறிய தட்டை அழுத்தி இழுத்தால் எண் பாதியில் அறுந்து, துணியும் இழுபட்டுப் போகும். மூன்று வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. மனைவிக்குச் சத்தத்திலேயே வித்தியாசம் தெரிகிறதாம். எனக்கு நம்பிக்கை இல்லை.

எண் வந்தாலும் பசை வராது. பஞ்சில் அசிட்டோன் கலந்த நெய்ல் பாலிஷ் ரிமூவர் தொட்டுத் துடைக்க வேண்டும். சாயம் போகிறதா என்று முதலில் மடிப்பின் உள்பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள். அசிடேட் துணி என்றால் கரைந்தே போகும். சட்டென்று தீப்பற்றும் சரக்கு, சூடான தட்டுக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். முதல் வருடம் நாலு சட்டையைச் சோம்பலில் அப்படியே விட்டேன். இரண்டே சலவையில் பசை அழுக்கைப் பிடித்து, புது '4'-இன் இடுக்கு வழியாகக் கறுப்பாக ஒரு '3' எட்டிப் பார்த்தது. மோர் வாங்க வந்த பையன், "அண்ணே, இது எந்த வருசப் பூசம்?" என்றான்.

இந்த வருடம் பரவாயில்லை. 5-க்கும் 6-க்கும் எலும்பு ஒன்றுதான், கறை முக்கால்வாசி மறைந்துவிட்டது. வெளுத்துப்போன '202' பக்கத்தில் புது '6' மட்டும் பளபளவென்று நிற்பதற்கு மருந்தில்லை.

மச்சா, உன் சட்டை மைக்ரோஃபைபர் என்ற செயற்கை இழைத் துணி என்றால் சூட்டைக் குறை, இல்லாவிட்டால் தட்டு பட்ட இடம் மினுமினுக்கும். நூலுக்குள்ளேயே சாயமாக இறங்கிய சப்ளிமேஷன் பிரிண்ட் என்றால் உரிக்க ஒன்றுமே இல்லை.

79 வெள்ளிக்கு வாங்கலாமா? இத்தனை புகழ்ந்த பிறகும் சொல்கிறேன், வேண்டாம். அந்த 'பீப்'போடு நீ வாழ முடியாது மச்சா. என்னுடையதை இரவலும் கேட்காதே, இன்னும் ஆறு சட்டை பாக்கி இருக்கிறது.