ஜிப்பா, செவன்-ஜிப்பா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கணக்கெழுதும் தம்பி கேட்டான்: "அண்ணே, பத்து வருஷ ரசீதும் ஒரே பென்டிரைவ்ல அடங்கணும். கோப்பைச் சுருக்க ஜிப், செவன்-ஜிப்னு ரெண்டு வகை இருக்கே, எதுல சுருக்கறது?"

எவ்வளவு சுருங்கும்: எழுத்துக் கோப்பு என்றால் செவன்-ஜிப்தான். 1989இல் வந்த ஜிப்பின் வழக்கமான டிஃப்ளேட் முறை முன்பு வந்ததே மறுபடி வருகிறதா என்று 32 கிலோபைட் தூரம்தான் திரும்பிப் பார்க்கும். ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகச் சுருக்கும். செவன்-ஜிப்பின் எல்இசட்எம்ஏ முறை பல மெகாபைட் பின்னால் போகும். கோப்புகளைச் சேர்த்தே சுருக்கும். ஜனவரி ரசீதின் கடை முகவரி டிசம்பரில் மறுபடி வந்தால் பிடித்துவிடும்.

ஆனால் எக்செல் கணக்குத்தாளின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு உள்ளுக்குள் ஏற்கெனவே ஜிப்தான்! கல்யாண ஜேபெக் படங்களும் அப்படியே, முன்பே பிழிந்த தேங்காய். எதில் போட்டாலும் பெரிதாகக் குறையாது.

நேரம்: ஜிப் சட்டென்று முடியும். செவன்-ஜிப்பை உச்சச் சுருக்கத்தில் விட்டால் ஒரு தே தாரேக் (இழுத்து ஆற்றிய டீ) குடித்துவிட்டு வரலாம்.

திறப்பது: ஜிப் எங்கும் திறக்கும். செவன்-ஜிப் கோப்பை விண்டோஸ் 11 தானாகத் திறப்பது 2023இல்தான் வந்தது. பழைய கணினியில் மென்பொருள் இறக்கணும், இலவசம்தான்.

சேதம்: சேர்த்துச் சுருக்கியதில் நடுவே கெட்டால் பின்னால் உள்ளவையும் போகலாம். இன்னொரு நகல் வை என்றேன்.

தம்பிக்குச் சொன்னது: பத்திரப்படுத்தி வைக்க செவன்-ஜிப், ஆடிட்டருக்கு அனுப்ப ஜிப்.