ரொறன்ரோவிலிருந்து கொடிகாமம்: படலைக்குப் படலை கணக்கு

தை மாதம் யாழ்ப்பாணப் பக்கம் கொடிகாமத்தில் இருக்கிற அம்மாவைப் பார்க்கப் போய் வந்ததிலிருந்து, இங்கே ரொறன்ரோ ஸ்காபரோவில் சந்திக்கிற ஆட்கள் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான், எத்தனை மணித்தியாலப் பறப்பு என்று. இணையத்தில் தட்டினால் ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்திலிருந்து கொழும்பின் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நேராக ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர், பதினாறு பதினேழு மணித்தியாலம் என்று காட்டும். காட்டட்டும். அப்படி ஒரு நேரடி விமானமே இல்லை.

நான் துபாய் வழி. ரொறன்ரோ–துபாய் 11,000 சொச்சம், அங்கிருந்து கொழும்பு 3,300. கூட்டிப் பாருங்கள், நேர்வழியைவிட 400 கிலோமீற்றர்கூட அதிகமில்லை, ஆகவே அது சுற்று வழி என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். முதல் பறப்பு பன்னிரண்டே முக்கால் மணித்தியாலம், துபாயில் ஆறு மணித்தியாலம் கதிரையில் குந்தியிருப்பு, பிறகு நாலரை. திரும்பி வரும்போது எதிர்க்காற்று, துபாய்–ரொறன்ரோ மட்டும் பதினாலைத் தொட்டது. முழங்கால் வருத்தக்காரர் அதையும் கணக்கில் வையுங்கள்.

ஆனால் என் பயணத்தைத் தின்றது வானம் இல்லை, கட்டுநாயக்காவிலிருந்து கொடிகாமம் வரைக்குமான முந்நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர். 23 கிலோப் பெட்டி இரண்டோடு ரயிலுக்கு அலைய முடியாது என்று ஒரு வான் கொம்பனியில் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். காலை ஒன்பது மணிக்குள் ஏறிவிட்டோம், வாகனமும் நல்ல வாகனம், ஏசி குளிர்ந்தது. சிலாபம் தாண்டியதும் பார்த்தால் சாரதிப் பெடியன் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தன் கன்னத்தில் தானே தட்டிக்கொண்டிருக்கிறான்.

"தம்பி, எப்ப நித்திரை கொண்டனி?"

"ராத்திரி யாழ்ப்பாணத்திலயிருந்து ஒரு குடும்பத்தைக் கொண்டுவந்து இறக்கினனான் அண்ணை, பிறகு எங்க நித்திரை."

புத்தளத்தில் ஒரு கடையோரம் நிற்பாட்டச் சொன்னேன். பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தேன், குடித்துவிட்டு அப்படியே ஸ்ரியரிங்கில் தலையைச் சாய்த்தவன் ஒன்றரை மணித்தியாலம் எழும்பவில்லை. நான் வெயிலில் நின்று போகிற பஸ்களை எண்ணினேன். அவனில் எனக்குக் கோபமில்லை, இரண்டு ஓட்டத்தை ஒரே ஆளின் தலையில் கட்டியவர்களில்தான் கோபம். வவுனியாவில் கொம்பனியிலிருந்து போன் வருகிறது, வழியில் நின்ற நேரத்துக்கு வெயிற்றிங் சார்ஜ் ஐயாயிரம் ரூபாயாம்! அவர்களுடைய ஆள் படுத்த நேரத்துக்கு நான் வாடகை கட்ட வேண்டும். ஒரு சதமும் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, இறங்கும்போது பெடியனின் கையில் தனியாகக் கொஞ்சம் வைத்தேன்.

அடுத்த முறை யாழ்ப்பாணத்துப் பலாலிதானோ என்று ஏ9 வீதி முழுக்க யோசனை. 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது, சென்னையிலிருந்து 360 கிலோமீற்றர் அளவுதான், ஒரு மணித்தியாலச் சொச்சப் பறப்பு. ஆனால் ரிக்கெற்றைத் தனித்தனியாக எடுத்தால் சென்னையில் பெட்டியை எடுத்து வெளியே வந்துதான் மறுபடி ஏற வேண்டும், அதற்கு இந்திய விசா வேண்டும், விமானமும் ஏடிஆர் என்கிற சின்ன ரகம், என் பெட்டிகளைக் கண்டால் அழுதுவிடும். ஒற்றைப் பையோடு போகிற இளந்தாரிகளுக்குச் சரி.

வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து அம்மாவின் படலையைத் திறக்கும் வரை 38 மணித்தியாலம், அதில் பறந்தது பதினேழேகால். விளக்கு வைக்கிற நேரம் போய் இறங்கினேன். அம்மா வாசலிலேயே நின்றா. "என்ன தம்பி, பிளேன் பிந்திப்போச்சோ?"

பிளேன் இருபது நிமிடம் முந்தியே வந்திருந்தது.