மூன்றாண்டு ஓட்டியபின்: ஹெரால்டு எஞ்சினும் அட்டைமேல் ஒரு சொட்டு எண்ணெயும்

மஞ்சக்குப்பத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் அழைத்திருந்தார். கடலூர் முதுநகரில் ஒரு கொட்டகையில் எஞ்சின் இறுகிப்போன ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் பழைய கார் ஒன்று விலைக்கு வந்திருப்பதாகவும், உரிமையாளர் முதலில் சொன்ன தொகையை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துவிட்டதாகவும் சொல்லி, அதை வாங்கி என்னைப் போல வீட்டிலேயே எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கலாமா என்று கேட்டார். அந்த நேரத்தில் நான் அதே வகைக் காருக்கடியில் மல்லாந்து படுத்திருந்தேன். கன்னத்தில் எண்ணெய் சொட்டியது. அதனால் தொலைபேசியில் சொன்ன பதில் நியாயமானதாக இருந்திருக்காது. கொஞ்சம் ஆறியபின் இதை எழுதுகிறேன்.

948 சிசி, நான்கு சிலிண்டர், 63 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 76 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) என்பதெல்லாம் நண்பருக்குத் தெரிந்ததுதான். என்னுடையது பிறப்பிலேயே திறந்த கார் அன்று. ஹெரால்டின் உடல் தனிச் சேசிஸின்மேல் (அடிச்சட்டத்தின்மேல்) துண்டு துண்டாக போல்ட்டில் நிற்பது, கூரையும் அப்படியே. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அதைக் கழற்றிவிட்டு மடக்குத் துணிக்கூரை போட்டிருந்தார். கடற்கரைச் சாலையில் மாலைக் காற்று வாங்குவதற்காக அவர் செய்த வேலை இது. அதன் உண்மையான பயன் எஞ்சின் வேலையில்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஹெரால்டின் பானெட், மட்கார்டுகளும் விளக்குகளும் சேர்ந்த ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும் என்பதும், முன்டயரின்மேல் திண்ணையில் உட்காருவதுபோல் உட்கார்ந்துகொண்டு வால்வுகளின் டேப்பெட் இடைவெளியைச் சரிசெய்யலாம் என்பதும் பலரும் சொல்லக் கேட்டவை. யாரும் எனக்குச் சொல்லாதது கியர்பாக்ஸைப் பற்றி. அது காரின் உள்ளிருந்தே கழலும். முன்னிருக்கைகளை எடுத்து, நடுவே அதை மூடியிருக்கும் சுரங்க மூடியைக் கழற்றிவிட்டால் கியர்பாக்ஸ் முழுதாகக் கண்ணெதிரே கிடக்கும். கூரையுள்ள காரில் அதைக் குனிந்தும் முறுக்கியும் கதவு வழியாக வெளியே இழுக்க வேண்டும். என் காரிலோ, புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டுப் போர்ட்டிகோவின் இரும்பு உத்தரத்தில் செயின் பிளாக்கை மாட்டி, கிணற்றில் வாளி இறைப்பதுபோல நேராக மேலே தூக்கிவிட்டேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. திறந்த கார் வைத்திருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

எஞ்சின் வேலையில் பெரும்பகுதி பொறுமையும் மண்ணெண்ணெயும்தான். 2022 பொங்கல் கழிந்து பிரித்தேன், அக்கினி நட்சத்திரத்தில் ஓடவிட்டேன். சிலிண்டர்களை முப்பது ஓவர்சைஸுக்கு, அதாவது 0.030 அங்குலம் கூடுதலாக, போரிங் செய்ய ஒரு பட்டறையில் கொடுத்தேன். அளவில் குறை சொல்ல முடியாத வேலை. ஆனால் எண்ணெய் ஓடும் துளைகளுக்குள் இரும்புப் பொடியை அப்படியே விட்டு அனுப்பியிருந்தார்கள். அடைப்பான்களை எல்லாம் கழற்றி, நீளத் தூரிகையும் சோப்பு நீருமாக இரண்டு நாள் கழுவினேன். நம் ஊர்க் கடற்காற்றின் குணம் அப்போதுதான் புரிந்தது. மாலையில் கழுவித் துடைத்த சிலிண்டர் சுவரில் மறுநாள் காலை செம்பொட்டுகள் பூத்திருந்தன. நண்பர் வீடு தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு இன்னும் பக்கம். கழுவிய கையோடு எண்ணெய் தடவிப் பழைய வேட்டியில் சுற்றி வைக்கச் சொல்வேன்.

இன்னொன்றையும் அவர் அந்தக் காரை வாங்குமுன்பே பார்த்துவிட வேண்டும். ஒருவர் கிளட்ச்சை மிதிக்க, மற்றவர் எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்கின் முன்பக்கப் புல்லியைக் கவனிக்க வேண்டும். புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னே நகர்ந்தால், கிராங்க்கை முன்பின் நகராமல் பிடித்திருக்கும் பிறை வடிவத் திரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். அந்த நகர்வு 0.004 முதல் 0.008 அங்குலத்துக்குள் அடங்க வேண்டும். தேய்ந்த வாஷர் ஒருநாள் கழன்று அடியிலிருக்கும் எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்குள் விழுந்துவிட்டால், கிராங்க் எஞ்சின் பிளாக்கின் இரும்பையே அரைக்கத் தொடங்கும். அதன்பின் பிளாக் பழைய இரும்புக் கடைக்குத்தான். புதியவற்றைப் பொருத்தும்போது எண்ணெய்ப் பள்ளமுள்ள பக்கம் கிராங்க்கைப் பார்த்திருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த பாகம் எஞ்சினின் முன்புறம் இருக்கிறது. அங்கே முன் பேரிங்குக்குக் கீழே ஓர் அலுமினியக் கட்டை வருகிறது. அதன் இரு ஓரத்து இடுக்குகளையும் அடைப்பதற்கு ரப்பரோ உலோகமோ இல்லை, இரண்டு சிறிய மர ஆப்புகள். எஞ்சினுக்குள் மரமா என்று நானும் சிரித்தேன். தெருமுனைத் தச்சர் சிரிக்கவில்லை. பெட்டிப் பலகையின் மென்மரத்தில் சீவித் தந்து, ஷெல்லாக் தடவி அடித்து இறக்கியபின் மிஞ்சியதைக் கத்தியால் சம்ப்பின் மட்டத்துக்கு நறுக்கச் சொன்னார். மூன்றாண்டுகளில் பதினோராயிரம் கிலோமீட்டர் ஓடியும் முன்புறத்தில் ஈரம்கூட இல்லை.

எல்லாத் துன்பமும் பின்புறத்தில்தான். அக்காலத்து எஞ்சின்கள் பலவற்றைப் போலவே இதிலும் கிராங்க்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. கிராங்க்குக்கும் அதைச் சுற்றியுள்ள அலுமினிய வளையத்துக்கும் நடுவே ஒரு திருகுமரை இருக்கிறது. சுழலும்போது, வெளியே வரப் பார்க்கும் எண்ணெயை அது உள்ளே திருப்பி அனுப்பும். ஒன்றையொன்று தொடாத இரண்டு உலோகங்களுக்கு இடையே தாள் கனத்துக்கு ஓர் இடைவெளி, அவ்வளவுதான் அடைப்பு. எண்ணிப் பார்த்தால் அழகான ஏற்பாடு. ஆனால் அந்த வளையம் கிராங்க்குக்கு மிகச் சரியாக நடுவில் அமர வேண்டும். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் சுற்றிலும் நுழைத்துப் பார்த்து, எல்லாத் திசையிலும் ஒரே அளவு வந்த பிறகே போல்ட்டுகளை இறுக்க வேண்டும். நான் அப்படிச் செய்யவில்லை. இருட்டிவிட்டது, கோடை மழை தூறியது, கைக்குத் தெரிகிற அளவில் நடுவில் இருந்தது, இறுக்கிவிட்டேன். அந்தப் பத்து நிமிட அவசரத்துக்கு மூன்றாண்டுகளாகச் சொட்டுச் சொட்டாகக் கடன் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஓடும்போது ஒழுகாது என்பதுதான் இதில் எரிச்சலூட்டும் பகுதி. திண்டிவனம் வரை போய்த் திரும்பும்வரை ஒழுங்காக இருந்துவிட்டு, வீட்டில் வந்து நின்றபின் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியில் ஒவ்வொரு துளியாகத் திரளும். கீழே எப்போதும் அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து வைத்திருக்கிறேன். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்தபோது தெருவில் ஏறிய மழைநீர் போர்ட்டிகோவுக்குள்ளும் வந்தது. அட்டை மிதந்து போனது. அதிலிருந்த எண்ணெய் வானவில் நிறத்தில் பரவி எதிர்வீட்டு அம்மாவின் படிக்கட்டில் போய் ஒட்டிக்கொண்டது. புயலைப் பற்றி அவர் பேச்சை நிறுத்திவிட்டார், என் காரைப் பற்றி இன்னும் நிறுத்தவில்லை.

சென்ற ஆண்டு ஒருமுறை கியர்பாக்ஸை மேலே தூக்கி, ஃபிளைவீலைக் கழற்றி, வளையத்தை மறுபடி நடுவில் வைத்துப் பார்த்தேன். இம்முறை அவசரப்படவில்லை. சொட்டு குறைந்தது, நிற்கவில்லை. பிறகு வால்வு மூடியிலிருக்கும் எண்ணெய் ஊற்றும் மூடியைப் பிரித்தால், மூச்சு விட வேண்டிய அதன் வலை பல வருடப் பிசினால் அடைத்துக் கிடந்தது. பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு வேறு வழியின்றி எண்ணெயைப் பின்வழியாகத் தள்ளியிருக்கிறது. வலையைக் கழுவியபின் இரவுக்கு ஏழெட்டு என்றிருந்தது இரண்டு மூன்று ஆனது. மீதிக்கு அந்த அலுமினிய வளையமே தேய்ந்திருக்க வேண்டும். வேறொன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

எஞ்சினைப் பொறுத்தவரை ஒரு குறையும் சொல்ல மாட்டேன். குளிர்ந்த காலையிலும் ஒரே சுற்றில் எழுகிறது, மூன்றாம் கியரில் கோரிமேட்டு ஏற்றத்தை முணுமுணுக்காமல் ஏறுகிறது, அதைத் திறந்து மூடக் கற்ற அளவுக்கு நான் வேறெதையும் ரசித்துக் கற்றதில்லை. ஆனாலும் நண்பரே, அந்தக் காரை வாங்காதீர்கள். பாதி விலை என்பது பாதி எஞ்சினுக்கான விலை. மீறி வாங்கினால் செயின் பிளாக்கை இரவல் கேட்க வேண்டாம். தை மாதம் முழுவதும் எனக்கே அது தேவைப்படும்.