திட்டுவதற்கும் ஒரு கை வேண்டும்: ஸ்டீபன் ஹெனிகனின் ‘வென் வேர்ட்ஸ் டினை த வேர்ல்ட்’

பழைய பிரதிதான் வாங்கினேன். ‘கோடு, கிறுக்கல் இல்லை’ என்று போட்டிருந்தார்கள், பிரித்துப் பார்த்தால் முதல் பாதி முழுக்கப் பென்சில் சண்டை. யாரோ ஒரு புண்ணியவான் ஓரமெல்லாம் ‘நோ’, ‘நோ’ என்று எழுதிக்கொண்டே போயிருக்கிறார், ஓரிடத்தில் பென்சில் முனை குத்தித் தாளே கிழிந்திருக்கிறது. கடுப்பாகத்தான் இருந்தது, ஆனால் படிக்கப் படிக்க நானும் பென்சிலைத் தேட ஆரம்பித்தேன்.

ஹெனிகன் நாவலாசிரியர், கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் ஸ்பானியப் பேராசிரியர். 2002-ல் வந்த கட்டுரைத் தொகுப்பு இது. அவருடைய புகார் இதுதான்: 1989-ல் அமெரிக்காவோடு தடையற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த பிறகு, கனடிய நாவல் தன் ஊரையும் வரலாற்றையும் உதறிவிட்டு, எந்தச் சந்தையிலும் விலைபோகிற அழகு நடையாக ஆகிவிட்டது. கூண்டில் ஏற்றுவது சாதாரண ஆட்களை இல்லை. 1992-ல் புக்கர் வாங்கிய மைக்கேல் ஒண்டாஜியின் ‘தி இங்கிலீஷ் பேஷண்ட்’, அப்புறம் ஆன் மைக்கேல்ஸின் ‘ஃப்யூஜிட்டிவ் பீசஸ்’. உருவகம் வரலாற்றை ஜெயித்துவிட்டது என்று கட்டுரைத் தலைப்பிலேயே தீர்ப்பு.

ஒண்டாஜி கொழும்பில் பிறந்தவர், அதனால் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹெனிகன் சொல்வது மேலோட்டமாகப் பார்த்தால் சரிதான்: 1987-ல் வந்த ஒண்டாஜியின் ‘இன் த ஸ்கின் ஆஃப் எ லயன்’ நாவலில் டொராண்டோவில் பாலம் கட்டிய குடியேறிகளின் வியர்வை வாடையே அடிக்கும், அடுத்த நாவலான ‘தி இங்கிலீஷ் பேஷண்ட்’ இத்தாலியில் ஒரு பாழடைந்த மாளிகைக்குப் போய்விட்டது. ஆனால் அந்த மாளிகையில் இருக்கிற ஹானாவும் கரவாஜியோவும் அதே டொராண்டோ நாவலிலிருந்து வந்தவர்கள்தானே? சீக்கியச் சிப்பாய் கிப் தோட்டத்தில் வெடிகுண்டைச் செயலிழக்க வைக்கும்போது ஹானா கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள், எந்தக் கம்பி, எங்கே வெட்டுவது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு படிப்போம், அதில் உருவகத்துக்கு எங்கே இடம்? அதே நாவலின் பாலைவனக் காதல் பக்கங்களுக்கு வேண்டுமானால் அவர் திட்டு பொருந்தும், அங்கே எனக்கும் கொஞ்சம் திகட்டியது. மைக்கேல்ஸ் நாவலிலும் டொராண்டோ நன்றாகவே வருகிறது.

டொராண்டோ பதிப்பு வட்டத்தைப் பற்றி எழுதும்போதுதான் மனிதர் உச்சத்தில் இருக்கிறார். ஒரே ஊர், ஒரே விருந்து, ஒருவர் புத்தகத்தை இன்னொருவர் புகழ்வது என்று அவர் அடுக்கும்போது, விருதுப் பட்டியல் வந்த மறுநாள் நம்மவர்கள் போடுகிற சண்டையெல்லாம் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். வேடிக்கை என்னவென்றால், இந்தப் புத்தகமே கனடாவின் பெரிய இலக்கிய விருதான கவர்னர் ஜெனரல் விருதின் இறுதிப் பட்டியலுக்குப் போனது.

அவர் திட்டுகிற நாவல்களைப் படிக்காமல் இதை வாங்காதீர்கள், வெறும் வம்பாகத் தெரியும். படித்தவர்களுக்கு ஐந்துக்கு மூன்றரை. போர்க்குபைன்ஸ் குவில் பதிப்பு, நூல் போட்டுத் தைத்த கட்டு, விரித்து வைத்தால் மூடிக்கொள்ளாது. திருப்பி அனுப்பலாம் என்றிருந்தேன், அனுப்பவில்லை. பென்சில்காரர் எழுதாமல் விட்ட பின்பாதியில் இப்போது என் ‘நோ’க்கள் இருக்கின்றன.