மறுபடி ஏர் ரைபிள் வாங்குகிறவர்களுக்கு: செட்டிநாட்டு வெயிலில் நீண்ட காலப் பயன்பாடு காட்டியவை

பல ஆண்டு விட்டுவிட்டு ஏர் ரைபிள் போட்டிக்குத் திரும்புகிறவர்கள், குண்டுக்கு 10 வீதம் 60 குண்டுக்கு 600 என்று எண்ணிப் பழகியவர்கள், முதலில் தடுமாறுவது மதிப்பெண் கணக்கில்தான். 10 மீட்டர் ஏர் ரைபிளில் 2013 முதல் தகுதிச் சுற்றும் தசமத்தில்தான் எண்ணப்படுகிறது. ஒரு குண்டுக்கு உச்சம் 10.9, 60 குண்டுக்கு 654. பெண்களுக்கு 40 குண்டு என்றிருந்ததும் 2018-இல் 60 ஆகிவிட்டது. ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 2.5 மி.மீ.; ஒரு தசமம் என்பது கால் மில்லிமீட்டர். இதைக் கேட்டதும், இன்னும் துல்லியமான குழல் தேட வேண்டும்போலத் தோன்றும். தேவையில்லை. பராமரித்து வைத்த பழைய போட்டி ரைபிளும், ஒத்துப்போகிற பெல்லட் (ஈயக் குண்டு) கிடைத்தால், வைஸ் என்ற இறுக்கிப் பிடிக்கும் கருவியில் வைத்துச் சுடும்போது ஐந்து குண்டையும் ஒரே ஓட்டையில் போடும். காசு போக வேண்டிய இடங்கள் இரண்டு: காற்று, ஸ்டாக் (தோளில் வைத்துப் பிடிக்கும் உடல்பகுதி).

காற்றை முதலில் பார்ப்போம். இன்றைய போட்டி ரைபிள்கள் தம்மோடு உள்ள சிறு சிலிண்டரில் அடைத்த அழுத்தக் காற்றால் சுடுபவை. நகரத்து ரேஞ்சில் யாரும் நினைத்தே பார்க்காத தொல்லை இது. காரைக்குடியிலிருந்து மதுரையோ திருச்சியோ ஏறக்குறைய 90 கி.மீ. அந்தச் சிலிண்டரில் 200 பார் (காற்றழுத்த அளவு) காற்று நிரப்ப ஒவ்வொரு முறையும் அவ்வளவு தூரம் போவது நடக்காது. சொந்தமாக ஒரு பெரிய மூச்சுக்காற்று சிலிண்டரும் அடாப்டரும் வைத்துக்கொண்டால் மாதக்கணக்கில் ஓடும். கைப்பம்பும் உண்டு, ஆனால் ஐப்பசி, கார்த்திகை ஈரக் காற்றை அப்படியே அமுக்கி உள்ளே தள்ளும், குண்டுக்குக் குண்டு அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரில் துரு கட்டும். ஈரம் உறிஞ்சும் வடிகட்டி இல்லாமல் அதைத் தொடாதீர்கள். வெல்டிங் பட்டறைகளில் கிடைக்கும் ஆக்ஸிஜனை ஒருபோதும் ஏற்றக் கூடாது. உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்தால் வெடிக்கும்.

ரைபிளின் சிலிண்டரை மெதுவாக நிரப்ப வேண்டும். வேகமாக ஏற்றினால் சூடாகி 200 காட்டும், ஆறியபின் இறங்கிவிடும். நம் ஊர் வெயிலில் இதன் மறுபக்கமும் உண்டு. 20 டிகிரியில் 200 பார் நிரப்பிய சிலிண்டர், பூட்டிய காருக்குள் 60 டிகிரி வந்தால் 227 பார் ஆகும். சித்திரை வெயிலில் ரைபிளைக் காரில் விட்டுவிட்டு விருந்து சாப்பிடப் போகக் கூடாது.

பழையது வாங்குகிறவர்கள் குழலைப் பார்க்கும் முன் சிலிண்டரின் மேல் பொறித்த தேதியைப் பார்க்க வேண்டும். காலக்கெடு தாண்டாமல் பார்த்துக்கொள்வது போட்டி விதிப்படி சுடுகிறவரின் பொறுப்பு. பல தயாரிப்புகளுக்கு அது 10 ஆண்டு. ‘மலிவாகக் கிடைத்தது’ என்ற ரைபிளுக்கு இரண்டு புதுச் சிலிண்டர் வாங்கும்போதுதான் மலிவு எவ்வளவு என்று தெரியும். பிறகு, நிரப்பி இரண்டு நாள் ஒரே அறையில் வைத்து அளவு இறங்குகிறதா என்று பாருங்கள். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் கிடைத்தால் பத்துக் குண்டு போடுங்கள். வேகம் வினாடிக்கு 170 மீட்டரை ஒட்டி, மூன்று நான்கு மீட்டர் ஏற்ற இறக்கத்துக்குள் இருந்தால் நலம். நெடுநேரம் சும்மா இருந்தபின் போடும் முதல் குண்டு மட்டும் வேகமாகப் போனால் ரெகுலேட்டர் கசிகிறது என்று பொருள்.

சிலிண்டர் தலைவலியே வேண்டாம் என்பவர்களுக்கு ஃபைன்வெர்க்பாவ் 603, அன்ஷுட்ஸ் 2002 போன்ற பழைய ஒற்றை நெம்பு ரைபிள்கள் (ஒரு முறை நெம்பினால் ஒரு குண்டுக்கான காற்றைத் தாமே அமுக்கிக்கொள்பவை) இன்னும் நல்ல துணை. காலக்கெடுச் சிக்கலும் கிடையாது. ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் நெம்ப வேண்டும். 60 குண்டு, 75 நிமிடம் என்ற போட்டியில் தோளும் நிலையும் ஒவ்வொரு முறையும் கலையும். பழகுவதற்கு மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். காற்றுக் கசியாமல் அடைக்கும் சீல் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு.

ஸ்டாக்கில் பார்க்க வேண்டியது பளபளப்பல்ல, எத்தனை இடத்தில் நகர்த்த முடியும் என்பது. விட்டுப்போன காலத்தில் உடம்பு மாறியிருக்கும். இடது முழங்கை இடுப்பெலும்பில் முன்பு உட்கார்ந்த இடத்தில் இப்போது தொந்தி இருக்கலாம். கை தாங்கியின் உயரம், கன்னப்பலகை, தோள்தகட்டின் நீளமும் சாய்வும் எல்லாம் தனித்தனியே நகர வேண்டும். சோதனை எளிது. கண்ணை மூடி ரைபிளைத் தோளில் வைத்து, மூச்சு விட்டு, கண் திறந்தால் பார்வை வளையத்தின் நடுவில் இருக்க வேண்டும். கழுத்தை இழுத்துப் பார்க்க வேண்டியிருந்தால் கன்னப்பலகை தவறு. எடை உச்சவரம்பு 5.5 கிலோ, அதைத் தொட அவசரம் வேண்டாம். நாலரை கிலோவில் தொடங்கி, முதுகு ஒத்துக்கொண்டபின் எடைத் துண்டுகளைக் கூட்டலாம்.

நாற்பது தாண்டியவர்களுக்கு முன்சைட் (குழல் முனையில் உள்ள குறிபார்க்கும் வளையம்) மங்கும். தூரப் பார்வைக் கண்ணாடியோடு +0.50 கூட்டிய தனி லென்ஸும், கொஞ்சம் பெரிய முன்வளையமும் பெரும்பாலோருக்குப் போதும். ட்ரிகரை 100 கிராம் பக்கத்தில் வையுங்கள். பெல்லட்டில் விலை உயர்ந்த டப்பாதான் நல்லது என்பதில்லை, 4.49, 4.50 மி.மீ. என இரண்டு தலை அளவுகளை வைஸில் சுட்டுப் பார்த்து, ஒத்துவரும் அதே லாட்டில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) மொத்தமாக வாங்குங்கள்.

2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட குண்டு ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ரைபிள் ஏறக்குறைய 7.5 ஜூல்தான். ஆனாலும் ரசீதும் சீரியல் எண்ணும் பையிலேயே இருக்கட்டும்.

பெரிய வீட்டுக்காரர்களுக்கு ஒரு வசதி: முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை நேராகப் பத்து மீட்டர் தாராளமாகக் கிடைக்கும். முற்றத்தின் வெளிச்சம் மேகத்துக்கு மேகம் மாறுவதால் இலக்குக்குத் தனி விளக்கு போடுங்கள்; விதி கேட்பது குறைந்தது 1500 லக்ஸ் (வெளிச்ச அளவு). குறுக்கே வரும் கதவுகளைத் தாழிட்டபின்தான் சுட வேண்டும். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்த ஆத்தங்குடிக் கல் போட்டிக் காலணிக்கு வழுக்கும், அடியில் ரப்பர் விரிப்பு வேண்டும். குண்டைப் பிடித்துக்கொள்ளும், பின்னால் சாய்ந்த இரும்புத் தகடு உள்ள பொறி இல்லாமல் காரைச் சுவரை நோக்கிச் சுடாதீர்கள். ஈயத் தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் எடுத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வியர்வை உப்பு அலுமினிய ஸ்டாக்கையும் திருகாணிகளையும் அரிக்கும். சுட்டு முடித்ததும் உலர்துணி. ஓ-ரிங்குக்கு (காற்றுக் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) சிலிக்கான் கிரீஸ் மட்டும், தையல் மெஷின் எண்ணெய் கூடாது. மழைக்காலத்தில் ஸ்பாஞ்சுப் பெட்டிக்குள் மாதக்கணக்கில் மூடி வைத்தால் ஸ்பாஞ்சே ஈரத்தைப் பிடித்துக் குழலைத் துருவாக்கும். சிலிண்டரைக் கழற்றி, பூட்டுள்ள மர அலமாரியில், சிலிக்கா ஜெல் பையோடு நிறுத்தி வையுங்கள். பையின் மணிகள் நிறம் மாறினால் வெயிலில் காயவைப்பது போதாது, அடுப்புச் சூட்டில் உலர்த்த வேண்டும்.