ஃபேஸ் ஒன் கேமரா, கேப்ச்சர் ஒன் மென்பொருள்: பட்டுப்புடவைகளுக்கு நடுவே சில ஆண்டுகள்

இந்தக் கேமராவைப் பார்க்கிற எவரும் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபேஸ் ஒன் நிறுவனம் 2016 ஜனவரியில் 100 மெகாபிக்சல் ஐக்யூ3 பேக்கை (சென்சார் இருக்கும், கழற்றி மாட்டக்கூடிய பின்பகுதி) எக்ஸ்எஃப் பாடியோடு சேர்த்து வெளியிட்டபோது ஏறத்தாழ 49,000 டாலர் விலை வைத்தது. நான் வாங்கியது இன்னொருவர் பயன்படுத்தியது. அதற்கே ஒரு நல்ல காருக்கான பணம் போயிற்று. சென்னையில் பட்டுப்புடவைக்கும் நகைக்கும் விளம்பரப் படம் எடுத்துப் பிழைக்கிறவனுக்கு இவ்வளவு செலவு நியாயமா என்ற கேள்விக்கு என் பதில் இழுபறியானது. கேமராவுக்குப் பாதி ஆமாம். கூடவே வந்த, படங்களைத் திருத்தும் கேப்ச்சர் ஒன் மென்பொருளுக்கு முழு ஆமாம்.

ஃபேஸ் ஒன் டென்மார்க்கில், கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம். 1993-இல் தொடங்கியபோது அவர்கள் முழுக் கேமரா செய்யவில்லை. ஃபிலிம் கேமராவின் பின்பக்கம் ஃபிலிம் இருந்த இடத்தில் மாட்டுகிற டிஜிட்டல் பேக்தான் அவர்களுடைய தொழில். 2009-இல் அதே தொழிலில் இருந்த லீஃப் நிறுவனத்தை வாங்கினார்கள், ஜப்பானின் கேமரா நிறுவனமான மாமியாவில் பங்கு எடுத்தார்கள், 2015-இல் அதையும் முழுமையாகத் தன்வசமாக்கிக்கொண்டார்கள். என் எக்ஸ்எஃப் பாடியில் மாமியா 645 ஏஎஃப் லென்ஸ் பொருந்துவதற்கு அந்த வம்சாவளிதான் காரணம். இன்று விமானத்திலிருந்து நிலஅளவை செய்பவர்கள், ஓவியங்களையும் சுவடிகளையும் எண்மப்படுத்தும் காப்பகங்கள் என்று அவர்களுடைய வாடிக்கையாளர் வட்டமே மாறிவருகிறது. நம்மைப் போன்ற ஸ்டுடியோக்காரர்கள் அந்தப் பட்டியலில் இப்போது எத்தனையாவது இடத்தில் இருக்கிறோம் என்று யோசித்தால் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

சென்சார் 53.7 × 40.4 மில்லிமீட்டர். வழக்கமான ஃபுல் ஃபிரேமைவிடப் பரப்பில் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. 11608 × 8708 பிக்சல். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில், எதையும் இழுத்துப் பெரிதாக்காமல், சுமார் 39 அங்குல அகலத்துக்கு அச்சிடலாம். அச்சில் பெரிதாகப் போகாதவருக்கு இந்த எண்களால் பயன் எதுவும் இல்லை. கைபேசித் திரைக்கு மட்டும் படம் தருகிறீர்கள் என்றால் மேற்கொண்டு மென்பொருள் பகுதியை மட்டும் படித்தால் போதும்.

எனக்கு இதன் அருமை தெரிந்தது சரிகையில். அடர்ந்த அரக்கு நிறப் பட்டும் அதன்மேல் விளக்கொளியை வாரி அடிக்கும் சரிகையும் ஒரே சட்டகத்தில் வரும்போது மற்ற கேமராக்களில் ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை விட வேண்டியிருக்கும். ஒன்று சரிகை வெளிறும், அல்லது புடவை மடிப்பு கருத்துப்போகும். இந்தப் பேக்கின் 16 பிட் கோப்பில் மடிப்பின் இருட்டுக்குள்ளிருந்து ஊடை இழை எழுந்து வருகிறது. நிழலை மேலே தூக்கினாலும் அங்கே குருணை தெரிவதில்லை. முந்தியில் உள்ள புட்டாவை வெட்டி எடுத்துத் தனிப் படமாகவே கடைக்காரருக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் நெசவுத் துணிக்கு எதிரி ஒன்று உண்டு. இழைகளின் இடைவெளியும் சென்சார் பிக்சல்களின் இடைவெளியும் நெருங்கும் இடத்தில் அலை அலையாக வண்ண வரிகள் தோன்றும். மோயர் என்பார்கள். இதை மழுக்குகிற வடிகட்டி இந்தப் பேக்கில் இல்லை, கூர்மைக்காக வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். மெகாபிக்சல் கூடினால் மோயர் போய்விடும் என்று விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். அது இடம் மாறி, வேறு தூரத்தில் வேறு துணியில் வரும். முக்காலியை ஒரு சாண் முன்னே நகர்த்துவதும் கோணத்தைச் சற்றுத் திருப்புவதும்தான் முதல் மருந்து. கேப்ச்சர் ஒன்னில் அதற்கென்று இருக்கும் கருவியைத் தனி லேயரில் துணியின்மேல் மட்டும் தடவலாம். வண்ண வரிகளை அது நன்றாகவே துடைக்கிறது. வெளிச்சத்தில் படிந்த வரிகள் அப்படியே நிற்கும்.

இனி மென்பொருள். இணையத்தில் புடவை விற்கும் கடைகளுக்குப் பெரிய தலைவலி, “படத்தில் பார்த்த நிறம் இது இல்லை” என்று திரும்பி வரும் பெட்டிகள். மயில்கழுத்து நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாவு ஒரு நிறம், ஊடை வேறொரு நிறம். மடிப்புக்கு மடிப்பு, பார்க்கும் கோணத்துக்குக் கோணம் நிறம் மாறும். அதற்கு ஒரே ஒரு ‘சரியான’ நிறம் என்று கிடையாது. கடைக்காரர் புடவையை விளக்கின் கீழ் விரித்து, “இதுதான்” என்று காட்டும் நிறத்துக்குத்தான் நான் பொறுப்பு. கேப்ச்சர் ஒன்னின் கலர் எடிட்டரில் அந்த ஒரு நிறத்தைத் தொட்டு, அதன் வட்டத்தைக் குறுக்கி, பக்கத்து நிறங்களைத் தொடாமல் சில பாகை திருப்ப முடிகிறது. அரக்கைத் திருத்தினால் மாடலின் உதட்டுச் சாயம் மாறாது. திருத்தியதை ஐசிசி புரொஃபைலாக, அதாவது நிறக் குறிப்புக் கோப்பாகச் சேமித்து, அதே விளக்கமைப்பில் எடுத்த அத்தனை படத்துக்கும் போடலாம். வேறு மென்பொருள்களிலும் நிறம் திருத்தலாம்தான், ஆனால் இத்தனை குறுகிய வட்டத்தில், இத்தனை அமைதியாக முடிவதில்லை.

தோல் நிறத்துக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. முகம், கழுத்து, கை ஆகியவற்றின் நிற வேறுபாட்டைச் சமன் செய்ய அதில் மூன்று ஸ்லைடர்கள். மாநிற முகங்களுக்கு இது அழகாக வேலை செய்கிறது, கொஞ்சமாகத் தொட்டால். “கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடுங்கள்” என்று கேட்கும் வாடிக்கையாளர்களுக்கு இந்தப் பகுதி இருப்பதை நான் காட்டுவதே இல்லை.

கேமராவைக் கணினியோடு கேபிளில் இணைத்து எடுப்பதுதான் இந்த அமைப்பின் உயிர். செஷன் ஒன்றைத் திறந்தால் எடுத்தவை, தேர்ந்தவை, வெளியீடு, குப்பை என்று நான்கு கோப்புறைகள் தானாக உருவாகும். முழு செஷனையும் ஒரே கோப்புறையாக வேறு கணினிக்கு நகர்த்தினால் திருத்தங்களும் கூடவே போகின்றன. ஓவர்லே கருவியில் பத்திரிகை விளம்பரத்தின் வடிவமைப்பை நேரலைப் படத்தின்மேல் மங்கலாகப் போட்டு, எழுத்து வரும் இடத்தில் மாடலின் கை வராமல் பார்த்துக்கொள்ளலாம். கடை உரிமையாளர் பெரிய திரையின் முன் காப்பியோடு உட்கார்ந்து அங்கேயே ஒப்புதல் சொல்லிவிடுகிறார். பிறகு தொலைபேசியில் வாதிட வேண்டியதில்லை.

திரும்பக் கேமராவுக்கு வருகிறேன். ஆட்டோஃபோகஸ் நடுப்புள்ளியில் மட்டும். லென்ஸோடு எடை இரண்டு கிலோவுக்கு மேல். இது ஓடிக்கொண்டே எடுக்கும் கருவி அல்ல. கல்யாண மண்டபத்துக்கு இதைத் தூக்கிப் போவது உழவு மாட்டைப் பந்தயத்துக்கு ஓட்டிப் போவதைப் போன்றது. நகைக்குக் குவிய ஆழம் போதாது. லென்ஸ் துவாரத்தை மிகவும் குறுக்கினால் ஒளி விளிம்பில் வளைந்து சிதறும் டிஃப்ராக்ஷன் கூர்மையைத் தின்றுவிடும். அதனால் பல குவியங்களில் எடுத்து அடுக்கித்தான் ஆக வேண்டும். அதற்கான வசதி பாடியிலேயே இருக்கிறது.

இரண்டு விஷயங்களில் மட்டும் இதற்கு ஈடு நான் பார்க்கவில்லை. முதலாவது ஷ்னைடர் லீஃப் ஷட்டர் லென்ஸ்கள், அதாவது ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பவை. ஃபிளாஷோடு 1/1600 நொடிவரை போகலாம். உச்சி வெயிலில் கடற்கரையில் புடவை எடுக்கும்போது வானத்தை ஆழ்ந்த நீலமாக இறக்கி, மாடலை மட்டும் விளக்கில் பளிச்சென்று நிறுத்த முடிகிறது. மற்றது அதிர்வுமானி. என் ஸ்டுடியோ முதல் மாடியில், பஸ் போகும் சாலையை ஒட்டி இருக்கிறது. கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு அதிர்வு அடங்கும்வரை பாடி தானே காத்திருந்து ஷட்டரைத் திறக்கும்.

சேமிப்புச் செலவைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு படத்தை 16 பிட் டிஃப்பாக வெளியிட்டால் 600 எம்பி. லேயர் சேர்த்தால் இன்னும் மேலே. இரண்டு பிரதி வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் வட்டுக்கென்று ஆண்டுதோறும் தனித் தொகை ஒதுக்குங்கள்.

கேப்ச்சர் ஒன் இப்போது தனி நிறுவனம். 2023 பிப்ரவரிக்குப் பிறகு ஒரே முறை பணம் கட்டி வாங்கும் உரிமத்துக்குப் புதிய அம்சங்கள் வருவதில்லை. புதியவை வேண்டுமென்றால் சந்தா அல்லது அடுத்த உரிமம். இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பையும் 2024-இல் நிறுத்திவிட்டார்கள். சிறு ஸ்டுடியோக்களைப் பொறுத்தவரை இது நல்ல திசை அல்ல. நான் சந்தாவில்தான் இருக்கிறேன், முணுமுணுத்துக்கொண்டே.

ஃபேஸ் ஒன்காரர்கள் தங்கள் போட்டியாளரான ஃபூஜிஃபில்மின் ஜிஎஃப்எக்ஸ் கேமராக்களுக்கு 2018-இல் இந்த மென்பொருளின் கதவைத் திறந்தார்கள். நமக்கு அது பெரிய உதவி. 2021-இல் வந்த ஜிஎஃப்எக்ஸ் 100எஸ் 102 மெகாபிக்சல், வந்தபோது விலை 6,000 டாலர். சென்சார் சிறியது, சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபோகல் பிளேன் ஷட்டர் என்பதால் வழக்கமான ஃபிளாஷ் ஒத்திசைவு 1/125-இல் நின்றுவிடும். ஸ்டுடியோவுக்குள் பட்டு எடுப்பவருக்கு அது தடையே அல்ல. புதிதாகத் தொடங்குபவர் அதை வாங்கி, கேப்ச்சர் ஒன்னை ஒழுங்காகக் கற்றுக்கொண்டால் என் வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடலாம். வெயிலில் லீஃப் ஷட்டர் தேவைப்படும் நாளுக்கு ஃபேஸ் ஒன்னை வாடகைக்கு எடுங்கள். எடுக்கும்போது பேக்குக்கும் பாடிக்கும் தனித்தனி பேட்டரி என்பதை மறக்காமல், இரண்டுக்கும் மாற்று பேட்டரி கேட்டு வாங்குங்கள்.